அப்பாவின் நாரி நோவும் கனடாவில் இருந்து வரப்போகும் கருவியும்

திருகோணமலைத் திருக்கடலூரில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு 56 வயது. நான்கு வருடமாக நாரி நோ. ஒன்றரை வருடமாகக் கடலுக்குப் போகவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் எலும்பு தேய்ந்திருக்கிறது, எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு பிதுங்கியிருக்கிறது என்றார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா தலையில் மாட்டும் ஓக்மென்டட் ரியாலிட்டிக் கருவி ஒன்றை வாங்கி அனுப்பப்போகிறார். அமெரிக்காவில் நாரி நோவுக்கென்றே அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்களாம். வாங்கலாமா? அப்பா இப்போது குனியவே பயப்படுகிறார்.”

தங்கச்சி, நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. இந்த ஊரில் பதினாறு வருடமாக இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கிறேன். நாட்பட்ட நாரி நோவோடு, அதாவது கீழ்முதுகு வலியோடு, வருகிறவர்களில் இந்தப் பயம் இல்லாத ஒருவரைக் காண்பது அரிது. அண்ணா அனுப்பும் கருவி உதவுமா என்பதும் அந்தப் பயத்தை அது தொடுமா என்பதில்தான் தங்கியிருக்கிறது.

எதற்கும் முன்னால் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நோவோடு காய்ச்சல் இருந்தாலும், காரணம் தெரியாமல் உடம்பு மெலிந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும், விழுந்து அடிபட்டிருந்தாலும் முதலில் வைத்தியர்தான் பார்க்க வேண்டும். இவை ஒன்றும் இல்லையென்றால் மேலே வாசியுங்கள்.

அண்ணா சொன்னதில் பாதி சரி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு நோவுக்கென ஒரு தலைக்கருவிச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. அப்போது அதன் பெயர் ஈஸ்விஆர்எக்ஸ். பின்னர் ரிலீவ்விஆர்எக்ஸ் என்று மாற்றினார்கள். ஆனால் அது ஓக்மென்டட் ரியாலிட்டி (ஏ.ஆர்.) அல்ல, வேர்ச்சுவல் ரியாலிட்டி (வி.ஆர்.). இரண்டும் உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒரே ஆள் அல்ல. வி.ஆர். கருவியை மாட்டினால் உங்கள் விறாந்தை, மின்விசிறி, பக்கத்தில் நிற்கும் அம்மா எல்லாம் மறைந்துவிடும். கருவி காட்டும் காடோ கடலோ மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஏ.ஆர். அப்படி மறைக்காது. உங்கள் விறாந்தையே தெரியும், அதன் தரையில் இல்லாத ஒரு கூடை இருப்பதுபோலத் தெரியும். 2016இல் பிள்ளைகள் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகிமொன் தேடினார்களே, அது இந்த இனம்.

அந்த அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 179 பேர் இருந்தார்கள். சிகிச்சை எட்டு வாரம், நாளுக்கு ஒன்றாக 56 அமர்வுகள். ஓர் அமர்வு 2 முதல் 16 நிமிடம். சரியான சிகிச்சை பெற்றவர்களில் 66 வீதமானோருக்கு நோ 30 வீதத்துக்கு மேல் குறைந்தது. இன்னொரு குழுவுக்கும் தலைக்கருவிதான் கொடுத்தார்கள். ஆனால் அதில் வெறும் தட்டையான படங்கள், பயிற்சி எதுவும் இல்லை. அவர்களிலும் 41 வீதமானோருக்கு அதே அளவு குறைந்தது. இரண்டு எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிகிச்சையில் சரக்கு இருக்கிறது. அதே வேளை, ஒவ்வொரு நாளும் தனக்கென்று சிறிது நேரம் ஒதுக்கி அமைதியாக உட்கார்ந்ததே பலருக்கு ஏதோ செய்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கருவி தலையில் பாரமாக, இடைஞ்சலாக இருந்தது என்று ஐந்தில் ஒருவர் சொன்னார். பத்தில் ஒருவருக்குத் தலைச்சுற்றும் குமட்டலும் வந்தன.

அண்ணாவுக்கு நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது இது: அந்தச் சிகிச்சை கடையில் விற்கும் கருவிக்குள் இருக்காது. அது அமெரிக்காவில் வைத்தியரின் சீட்டோடு கொடுக்கப்படுவது. மூச்சுப் பயிற்சி, நோவைப் பற்றிய விளக்கம், மனதை ஆற்றும் பழக்கங்கள் எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு பாடத்திட்டம். நாம் விடும் மூச்சைக் கருவியின் மைக்குக்குக் கொண்டுபோக ஒரு சிறு இணைப்பும் அதில் உண்டு. மூச்சு விட விடக் கண்முன்னே காட்சி மாறும். கடைக் கருவி வெறும் சட்டிதான், சோறு அதற்குள் இல்லை.

கண்ணில் மாட்டும் ஒன்று நாரிக்கு என்ன செய்யும் என்று அப்பா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பட்ரிக் வோல் என்ற இரு ஆய்வாளர்கள், முள்ளந்தண்டு வடத்தில் நோச் செய்திகளைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு வாயில் இருக்கிறது என்று விளக்கினார்கள். மூளை அந்த வாயிலைத் திறக்கச் சொல்லலாம், சாத்தவும் சொல்லலாம். திருகோணமலைக்காரருக்கு இதை விளங்கப்படுத்த நான் சோதனைச்சாவடியைத்தான் சொல்வேன். சண்டை நடந்த காலத்தில் சாவடி போட்டார்கள். சண்டை முடிந்த பிறகும் சாவடி கொஞ்சக் காலம் நின்றது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பையையும் திறந்து பார்த்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவில் பெரும்பாலும் நடப்பது அதுதான். ஆரம்பத்தில் இருந்த காயம் ஆறியிருக்கும், சாவடி எடுபட்டிருக்காது. செருப்பை எடுக்கக் குனிவதையும் அது நிறுத்திச் சோதிக்கும். நோ பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்பாவுக்கு நோவது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் நோ எவ்வளவு என்பதும் உள்ளே சேதம் எவ்வளவு என்பதும் ஒன்றல்ல.

சாவடியில் நிற்கும் ஆள் கண் சொல்வதையும் கேட்கிறான். 2015இல் வெளிவந்த ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கழுத்து நோ உள்ளவர்களுக்கு வி.ஆர். கருவியை மாட்டித் தலையைத் திருப்பச் சொன்னார்கள். அவர்கள் உண்மையில் திருப்பியதைவிட அதிகமாகத் திருப்பியதுபோலக் காட்சியை ஓட்டியபோது நோ முன்கூட்டியே வந்தது. குறைவாகக் காட்டியபோது, நோ வருவதற்கு முன் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திருப்ப முடிந்தது. வித்தியாசம் ஆறேழு வீதம்தான். ஆனால் கழுத்து அதே கழுத்து, எலும்பு அதே எலும்பு. மாறியது கண் கண்டது மட்டும்.

முதுகுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கையில் வெட்டுப்பட்டால் பார்க்கிறோம், ஆறிவருவதையும் பார்க்கிறோம். முதுகை வாழ்நாள் முழுவதும் நாம் காண்பதில்லை. காணாத இடத்தைப் பற்றி ஊரார் சொல்வதையெல்லாம் மனம் நம்பிவிடுகிறது. அவுஸ்திரேலியாவில் 2012இல் வந்த ஓர் ஆய்வில், தம் முதுகைக் கண்ணாடியில் பார்த்தபடி குனிந்து நிமிர்ந்தவர்களுக்கு நோ குறைவாக இருந்தது, கெதியாகத் தணியவும் செய்தது.

ஸ்கேனில் வந்த “தேய்வு” பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்தச் சொல்தான் இந்த மாவட்டத்தில் பலரைக் கட்டிலில் போட்டிருக்கிறது. நோவே இல்லாத 3110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டி 2015இல் ஒரு கட்டுரை வந்தது. ஐம்பது வயதுக்காரரில் 80 வீதமானோருக்குச் சவ்வுத் தேய்வு இருந்தது. 60 வீதமானோருக்குச் சவ்வு பிதுங்கியிருந்தது. இவர்கள் நாரி நோ என்று வைத்தியரிடம் போனவர்கள் அல்ல. அப்பாவின் தலைமயிர் நரைத்திருக்கும், அதை யாரும் நோய் என்று எழுதித் தருவதில்லை. சவ்வுத் தேய்விலும் பெரும் பகுதி அப்படித்தான்.

இனி ஏ.ஆர். விசயம். நாரி நோவுக்கு அதைக் கொண்டு செய்த ஆய்வுகள் வி.ஆர். ஆய்வுகளைவிட மெலிந்தவை. அப்படியிருந்தும் எங்கள் ஊர் நிலைமைக்கு அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். காரணம், அதற்குத் தலைக்கருவியே வேண்டும் என்று இல்லை. கைத்தொலைபேசியின் கமரா ஆளைப் பார்த்து, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகள் இருக்கும் இடங்களைப் புள்ளிகளாகக் கணிக்கும். அந்தப் புள்ளிகளை வைத்து எவ்வளவு குனிந்தீர்கள், எத்தனை தடவை என்று திரையில் உங்கள் உருவத்தின் மேலேயே காட்டும்.

உப்புவெளியில் இருந்து வந்த தையல்கார அக்கா ஒருவரைச் சொல்கிறேன். மூன்று வருட நோ. “துடைக்குக் கீழே கை போகாது, போனால் நரம்பு அறுந்துவிடும்” என்று நம்பியிருந்தார். கதிரையில் தண்ணீர்ப் போத்தலை வைத்து, அதில் என் போனைச் சாய்த்து நிறுத்தினேன். திரையில் அவர் நிற்கிறார், அவருக்கு முன்னால் இல்லாத ஒரு கூடை. மேலிருந்து விழும் மாம்பழத்தைப் பிடித்துக் கூடையில் போட வேண்டும். முதல் ஐந்து பழத்துக்கும் கூடை இடுப்பு உயரத்தில் இருந்தது. பிறகு இரண்டு விரல் அளவு இறக்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம். அவர் கண் பழத்திலேயே இருந்தது. பதினெட்டாவது பழத்துக்குக் கை முழங்காலைத் தாண்டிப் போனது. நிறுத்திவிட்டு, பதிவான வீடியோவை அவரிடம் கொடுத்தேன். ஒரு தடவை பார்த்தார். திரும்ப ஓட்டினார். விரலால் திரையைத் தொட்டு, “இது என் கையா?” என்று கேட்டார். அன்றிரவு அவருக்கு நோ கொஞ்சம் கூடியது. கூடும் என்று முன்பே சொல்லியிருந்தேன், அதனால் அவர் பதறவில்லை. இரண்டாம் நாள் தணிந்தது. நான்காம் நாள் மீண்டும் வந்தார்.

அந்த விளையாட்டில் மருந்து எங்கே இருந்தது என்று கேட்டால், அந்த இரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்ததில்தான் என்பேன். தன் உடம்பு தான் நினைத்ததைவிட அதிகம் செய்கிறது என்பதற்குக் கண்ணால் கண்ட சாட்சி அது. நானோ வைத்தியரோ வாயால் ஆயிரம் தடவை சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

எல்லாருக்கும் இப்படி நடந்துவிடவில்லை. கரைவலை இழுக்கும் ஒரு தம்பிக்கு முதல் நாளே கூடையை நிலத்தில் வைத்தேன். விளையாட்டு வேகத்தில் அவரும் ஐம்பது அறுபது தடவை குனிந்துவிட்டார். மூன்று நாள் எழும்ப முடியாமல் கிடந்தார், பிறகு வரவே இல்லை. பிழை என்னுடையது. திரை ஆளை மறக்கடிக்கும், உடம்பு மறக்காது. அதற்குப் பிறகு, ஆள் இன்னும் ஆசையோடு நிற்கும்போதே நிறுத்திவிடுகிறேன்.

சில செயலிகள் முதுகு கொஞ்சம் வளைந்தவுடன் சிவப்புக் கோடு போட்டுக் கீச்சென்று கத்தும். அவற்றை அப்பாவின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முதுகை வளைத்துக் குனிந்து பாரம் தூக்கினால்தான் நாரி நோ வருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பயந்திருப்பவரை மேலும் விறைக்கப் பண்ணும் கருவி, சாவடிக்கு இன்னொரு காவலாளியைத்தான் சேர்க்கிறது. கமரா தோலையும் துணியையும்தான் காண்கிறது, முள்ளந்தண்டை அல்ல. இன்னொன்று: அப்பா சாரத்தோடு நின்றால் இடுப்பும் முழங்காலும் எங்கே என்று கமராவுக்குப் பிடிபடாது. புள்ளிகள் அங்கும் இங்கும் தாவும், எண்ணிக்கை பிழைக்கும். ஒரு மீன்பிடிகாரர் முப்பது தடவை குனிந்ததைப் பதினொன்று என்று காட்டி, அவரை மனமுடைய வைத்தது இப்படியான ஒரு செயலி.

ஏ.ஆர். இன்னோரிடத்தில் தன் பலத்தைக் காட்டியிருக்கிறது. சுவீடனில் மக்ஸ் ஓர்ட்டிஸ் கட்டலான் குழுவினர், கை இழந்த பின்னும் இல்லாத கையில் நோ இருந்த 14 பேருக்குச் செய்த சிகிச்சை 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மீதமுள்ள கையின் தசைத் துடிப்பைக் கருவி வாசிக்கும். திரையில் தெரியும் அவர்களின் உருவத்திலேயே ஒரு கை முளைத்து, அவர்கள் நினைத்தபடி அசையும். 12 அமர்வுகளில் சில அளவீடுகளின்படி நோ ஏறத்தாழப் பாதியானது. இதற்கு வழி போட்டவர்களில் ஒருவர் தமிழர்: 1990களில் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியை வைத்து இதே காரியத்தைத் தொடங்கிய வி. எஸ். ராமச்சந்திரன். போரில் கைகால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் நம் மாகாணத்துக்கு அந்தச் சிகிச்சை வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, அப்பாவிடம் வருவோம். கருவி வருவதற்கு முன் இரண்டு வாரம் நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது, செலவும் இல்லை.

உங்கள் போனைக் கதிரையில் வைத்து, அப்பா பக்கவாட்டில் நிற்கும்படி இரண்டு மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். சுவரில் சோக்கால் அவருடைய இடுப்பு, நடுத்துடை, முழங்கால் உயரங்களில் கோடு போடுங்கள். பயமில்லாமல் கை எந்தக் கோடுவரை போகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். காலையில் எட்டுத் தடவை, மாலையில் எட்டுத் தடவை குனியட்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, குனியும்போது மெதுவாக விட வேண்டும். வீடியோ எடுத்து உடனே அவரிடம் காட்டுங்கள். “பார்த்தீர்களா, வளையாமல் செய்யுங்கள்” என்று திருத்த வேண்டாம். பேசாமல் பார்க்க விடுங்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை கோட்டைக் கொஞ்சம் இறக்கலாம். நோ கூடினால் பழைய கோட்டுக்குத் திரும்புங்கள், நிறுத்த வேண்டாம். இதுவும் ஒருவகை ஏ.ஆர்.தான், கூடையைச் சோக்கு வரைகிறது, அவ்வளவுதான்.

பிறகு நடை. அவுஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகம் 701 பேரை வைத்துச் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், முதுகு நோ தணிந்த பின் ஆறுதலாக நடையைக் கூட்டி, நாளுக்கு அரைமணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்ற அளவை நோக்கிப் போனவர்களுக்கு நோ மறுபடி வர நடுவளவாக 208 நாட்கள் ஆயின. அந்த நடைத்திட்டம் கொடுக்கப்படாதவர்களுக்கு 112 நாட்கள். அப்பா இன்னும் அந்தத் தணிந்த நிலைக்கு வரவில்லை, ஆகவே பத்து நிமிடத்தில் தொடங்கட்டும். டச்சு விரிகுடாக் கரை மணல் ஆரம்பத்தில் காலை இழுக்கும். அதைவிடக் கோட்டைக்குள் மான்கள் மேயும் பாதை நல்லது. கோணேசர் கோயிலுக்கு ஏறும் மேடு ஒரு மாதம் போகட்டும். கன்னியா வெந்நீரில் குளிக்க அவருக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகக் குளிக்கட்டும், சூடு சில மணி நேரம் இதம் தரும். அந்த இதத்தில் நடக்கப் பழகலாம்.

இடுப்புப் பட்டி கட்டியிருந்தால் மெல்ல மெல்லக் கழற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், நாட்பட்ட நாரி நோவுக்குப் பட்டியும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே இருக்கிறது. உடற்பயிற்சி, நோவைப் பற்றிய விளக்கம், மனதுக்கான ஆலோசனை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது.

இரண்டு வாரத்தில் கோடு ஒரு சாண் இறங்கியிருந்தால், அண்ணாவிடம் கருவியை அனுப்பச் சொல்லலாம். அப்போது அதற்கு வேலை இருக்கும். மெட்டா குவெஸ்ட் 3 போன்ற தலைக்கருவி என்றால் 515 கிராம் எடை, நம் ஊர்ப் புழுக்கத்தில் நெற்றி வியர்த்து வழியும். மின்விசிறிக்கு நேரே, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சுற்றிலும் இரண்டு மீற்றர் வெளி வேண்டும், யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். உண்மை அறை தெரியும்படி வைத்தே தொடங்குங்கள். “கடலிலேயே எனக்குக் குமட்டியதில்லை, இது என்ன செய்யும்” என்பார் அப்பா. படகு ஆடும்போது உடம்பும் சேர்ந்து ஆடுகிறது. கருவிக்குள் காட்சி மட்டும் ஆடும், உடம்பு சும்மா நிற்கும். அந்த முரண்பாடு கடலோடிக்கும் குமட்டும். கிடைக்கும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசும், ஆகவே நீங்கள் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும். கோடு இறங்கவே இல்லை என்றால் கருவிக் காசை அண்ணாவிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள். அப்பாவை நேரில் ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

முற்றத்தில் சுருட்டிப் போட்ட வலை இருக்கும் அல்லவா? அதை அப்பாவின் கண்ணில் படும்படி விறாந்தைக்கு எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பத்து நிமிடம் உட்கார்ந்து அதன் கிழிசலைப் பொத்தட்டும். ஐந்து லீற்றர் கானில் முதலில் ஒரு லீற்றர் தண்ணீர் விட்டுத் தூக்கட்டும், வாரத்துக்கு அரை லீற்றராகக் கூட்டுங்கள். படகில் அவர் கடைசியாகத் தூக்கியது என்ன, நங்கூரமா, எஞ்சினா, மீன் பெட்டியா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அதன் எடைக்கு ஏற்றபடி மிச்சப் படிகளைச் சொல்கிறேன். கிளினிக்கிற்கு வரும்போது அந்த வீடியோக்களை அழிக்காமல் கொண்டுவாருங்கள். அப்பாவைச் சாரத்தை விட்டு அரைக் காற்சட்டையோடு வரச் சொல்லுங்கள்.